சந்திக் கம்பத்தில் இரண்டு பைகள்

பழைய ஒரு செவ்வாய்க்கிழமை காலை. செம்பனை மட்டைகளிலிருந்து பனி இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது. சைக்கிளைச் சாய்த்துவிட்டு, பெரிய சாலையோரத்து இரும்புக் கம்பத்தின் முன் நிற்கிறேன். ஒரு கையில் நீலப் பை. இன்னொரு கையில் சிவப்புத் துணியால் ஓரம் தைத்த சாக்குப் பை.

நீலப் பை என்னுடையது. சாக்குப் பை ராசம்மா அக்காவுடையது. இரண்டையும் கம்பத்தில் கட்ட வேண்டும். காற்றுக்குப் பறக்கக் கூடாது, ஆனால் ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். சுங்காயிலிருந்து வேன் ஓட்டி வருகிறவரின் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும்.

அப்படிக் கட்டிய காலைகள் எத்தனையோ. எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஆனால் கட்டாமல் விட்ட செவ்வாய்க்கிழமைகள் மூன்றுதான். அந்த மூன்றைப் பற்றி இந்த வாரம் எழுதிவிடுகிறேன். பல வாரங்களாக வேறு எதை எதையோ எழுதித் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பச்சைக்கு நடுவில்

இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் இருப்பது மலேசியாவில், பேராக்கின் தெற்கே, முன்பு ரப்பர் வளர்ந்த கித்தாத் தோட்டமாக இருந்து இப்போது செம்பனையாகிவிட்ட இடத்தில். கன்று வளர்க்கும் நாற்றுப் பண்ணைக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பு வீட்டைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதனால் தொழிலாளர்கள் வரிசை வீடுகளாகக் குடியிருந்த பழைய லயத்தில் ஒரு வீட்டை எனக்கு விட்டுவைத்திருக்கிறார்கள்.

லயத்திலிருந்து பெரிய சாலைக்கு இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல். செம்மண் சடக்குப் பாதை. அங்கிருந்து சுங்காய்க்கு இன்னும் ஒன்பது கட்டை. பஸ் நின்று பல வருடமாகிறது. தோட்டக் கடை அதற்கு முன்பே மூடிவிட்டது. பங்களாதேசித் தொழிலாளர்களின் குடியிருப்பு ஆற்றுக்கு அந்தப் பக்கம். அவர்களுக்குக் குத்தகைக்காரர் அரிசியும் கோழியும் மொத்தமாக இறக்கிவிடுவார். எங்களுக்கு இறக்க ஆள் இல்லை.

ஏன் காய்கறி போடக்கூடாது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். போட்டோம். குரங்கு பிடுங்கியது. வேலி கட்டினோம். பன்றி முட்டித் தள்ளியது. வாய்க்கால் ஓரத்துக் கங்கோங் கீரைதான் மிச்சம். அதுவும் பண்ணையில் மருந்து அடிக்கிற வாரம் பறிக்க முடியாது.

கடை இல்லாத இப்படிப்பட்ட இடங்களுக்கு உணவுப் பாலைவனம் என்று பெயர் வைத்திருப்பதாகப் பத்திரிகையில் படித்தேன். படித்துவிட்டு வாசலில் வந்து நின்றேன். நான்கு பக்கமும் பச்சை. அண்ணாந்து பார்த்தாலும் பச்சை. அதில் குழம்பில் போட ஓர் இலை கிடையாது.

எனக்கு ஒரு கண் மங்கல். மட்டை விழுந்து அடிபட்டது. அதன் பிறகு மோட்டார் ஓட்டுவதை விட்டுவிட்டேன். பெரிய சாலையில் லாரி போகிற வேகத்துக்குச் சைக்கிளில் போகவும் பயம். ஆகவே எங்களுக்குக் கடை என்றால் சுங்காயிலிருந்து வாரம் ஒரு முறை வரும் காதர் நானாவின் வேன்தான்.

பை கட்டுகிற வழக்கம்

சடக்கு பெரிய சாலையில் சேருகிற சந்தியிலுள்ள அந்தக் கம்பம் ஒரு காலத்தில் தோட்டத்தின் பெயர்ப்பலகையைத் தாங்கி நின்றது. பலகை போய்விட்டது, கம்பம் நிற்கிறது. பை கட்டுகிற வழக்கத்தை யார் தொடங்கினார்கள் என்று தெரியாது. சாமான் வேண்டியவர்கள் வேன் வருகிற நாளில் பையைக் கட்டிவிட்டு வருவார்கள். வேன்காரர் சந்தியில் நிறுத்தி, பைகளை அவிழ்த்துக்கொண்டு உள்ளே வருவார். பை இல்லாவிட்டால் நேரே போய்விடுவார். வீணாக எண்ணெய் செலவழிக்க வேண்டியதில்லை.

லயம் நிறைய ஆள் இருந்தபோது அந்தக் கம்பம் பூச்சூடிய மாதிரி இருக்கும். எந்தப் பை எந்த வீடு என்பது காதர் நானாவுக்கு மனப்பாடம். லயத்து முனையில் நிறுத்தி மூன்று முறை ஹார்ன் அடிப்பார். பெண்கள் வந்து சூழ்ந்துகொள்வார்கள். கெம்போங் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதும், கத்தரிக்காயை அமுக்கிப் பார்ப்பதும், அவர் கத்துவதுமாக அரை மணி நேரம் போகும். யார் என்ன வாங்கினாலும் கடைசியில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை சும்மா கொடுப்பார்.

நான் அந்தக் கூட்டத்துக்குப் போனதில்லை. எனக்கு ஆட்களின் முன்னால் வாய் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். என் பையில் ஒரு துண்டுக் காகிதம் போட்டுவிடுவேன். வெங்காயம், பச்சை மிளகாய், தக்காளி, முட்டை என்று தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்த கையெழுத்தில் எழுதி, மடித்த நோட்டையும் உள்ளே வைப்பேன். ஹார்ன் கேட்டால் பம்பு வீட்டுக்குள் போய்விடுவேன். வேன் போன பிறகு வந்து பார்த்தால், வாசல் ஆணியில் பை நிறைந்து தொங்கும். மீதிச் சில்லறை, கறிவேப்பிலை, எல்லாம் சரியாக இருக்கும்.

அப்படி ஏறக்குறைய இருபது வருடம். காதர் நானாவை நான் பார்த்திருக்கிறேன். அவரிடம் பேசியதில்லை.

ஈப்போவில் ஆறு மாதம்

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். வாலிபத்தில் ஆறு மாதம் ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மங்கு, தட்டு கழுவப் போனேன். பக்கத்தில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட். ஓய்வு கிடைத்தால் அங்கே போய்விடுவேன். உள்ளே குளிராக இருக்கும். கேரட்டும் பீன்ஸும் பிளாஸ்டிக் தாள் சுற்றி, விலை ஒட்டி, பொம்மை மாதிரி அடுக்கியிருக்கும். யாரையும் எதுவும் கேட்க வேண்டாம். எடுத்தால் போதும். எனக்காகவே கட்டிய கடை என்று நினைத்தேன்.

ஒரு நாள் கல்லாவில் இருந்த மலாய்ப் பெண் ஏதோ கேட்டாள். பிளாஸ்டிக் பை வேண்டுமா என்றுதான் கேட்டிருப்பாள். பின்னால் வரிசை நின்றது. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கேரட்டை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன். அதற்குப் பிறகு அந்தக் கடைக்குள் போகவில்லை. ஆறாம் மாதம் தோட்டத்துக்கே திரும்பிவிட்டேன்.

ராசம்மா அக்கா

கடைசியில் லயத்தில் மிஞ்சியது இரண்டே வீடு. என் வீடு, ஐந்து கதவு தள்ளி ராசம்மா அக்கா வீடு.

அக்கா பால் மரம் வெட்டியவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கணவர் இறந்துவிட்டார். மகன் குமார் ஈப்போவில் தொழிற்சாலையில் வேலை, நான்காவது மாடியில் வீடு. அக்காவுக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. வலது காலில் ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். சந்திவரை நடக்க முடியாது. அதனால் அவர் பையையும் நான்தான் கொண்டுபோய்க் கட்டுவேன்.

பேச்செல்லாம் அக்காதான். நான் பம்பு வீட்டிலிருந்து வருவது தெரிந்தால் சமையல்கட்டிலிருந்தே ஆரம்பித்துவிடுவார்.

"மாணிக்கோ, இன்னிக்கு என்ன ஆக்குன?"

"முட்டைக்கா."

"நேத்தும் முட்ட. கோழியாவே ஆகிடப் போற லா. கிண்ணத்த எடுத்துட்டு வா."

பாகற்காய்ப் பிரட்டல் தருவார். இனிப்பு நீருக்கு நல்லது என்று அவர் வாரம் தவறாமல் வாங்குவது அது. எனக்குப் பாகற்காய் பிடிக்காது. இருபது வருடமாக அதையும் சொன்னதில்லை. கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுப்பேன்.

அந்தச் சுவர்களுக்குள் ஒரு நாளில் என் காதில் விழுகிற மனிதக் குரல் அது ஒன்றுதான்.

மூன்று செவ்வாய்க்கிழமைகள்

ஒரு முறை கால் புண்ணுக்கு வைத்தியம் பார்க்க குமார் வந்து அக்காவை ஈப்போவுக்கு அழைத்துப் போனான். ஒரு வாரம் என்றுதான் பேச்சு.

செவ்வாய்க்கிழமை வந்தது. என் நீலப் பையைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு சந்திக்குப் போனேன். கட்டக் கையைத் தூக்கியபோது ஒரு வெட்கம் வந்தது. இத்தனை நாள் அக்காவின் பையோடு என் பை ஒட்டிக்கொண்டிருந்தது. இன்று என் பை மட்டும். எனக்கு வேண்டியது கால் கிலோ வெங்காயமும் கொஞ்சம் மிளகாயும். அதற்காக ஒரு மனிதர் இரண்டு கட்டை உள்ளே வந்து இரண்டு கட்டை திரும்ப வேண்டுமா. வந்து, வேறு யாரும் இல்லாத வாசலில் என் ஒரு பையை மாட்டும்போது என்ன நினைப்பார்.

பையை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

ஒரு வாரம் மூன்று வாரமானது. மூன்று செவ்வாயும் நான் கட்டவில்லை. இரண்டாவது வாரம் சந்திக்கே போகவில்லை. நெத்திலிக் கருவாடு இருந்தது, அரிசி இருந்தது. போதும் என்று இருந்தேன்.

அக்கா திரும்பி வந்தார். நான்காவது செவ்வாய் இரண்டு பையையும் கொண்டுபோய்க் கட்டினேன். மத்தியானம்வரை ஹார்ன் கேட்கவில்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தேன். இரண்டு பையும் மழையில் நனைந்து அப்படியே தொங்கின. என் காகிதத்தில் மை கரைந்திருந்தது.

அடுத்த வாரமும் அப்படித்தான். அதற்கடுத்த வாரமும்.

"நானாவுக்கு ஒடம்பு சரியில்லயோ என்னமோ," என்றார் அக்கா.

எனக்குப் புரிந்துவிட்டது. கம்பம் மூன்று வாரம் வெறுமையாக இருந்ததைப் பார்த்து, லயம் காலியாகிவிட்டது என்று அவர் வழியை மாற்றிக்கொண்டிருப்பார். அவர் போன் எண் எங்கள் இருவரிடமும் இல்லை. பை இருந்ததால் எண் தேவைப்பட்டதில்லை.

அக்காவிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

குமார் திறந்த அலமாரி

ஒரு மாதம் ஓடியது. மரவள்ளிக் கிழங்கு, வீட்டில் சேர்த்து வைத்திருந்த சார்டின் டின், ரொட்டி. அக்காவுக்கு ஆகாதது எல்லாம். கால் புண் ஆறுவதற்குப் பதிலாக ஓரம் கறுக்கத் தொடங்கியது. வலிக்கிறதா என்றால் இல்லை என்பார். உட்கார்ந்தபடியே பேசுவார். நடப்பது குறைந்தது.

ஒரு சனிக்கிழமை குமார் வந்தான். சமையல்கட்டு அலமாரியைத் திறந்து பார்த்தான். அரிசி, பிஸ்கட், ஒரு டின் இனிப்புப் பால்.

"இதத்தான் சாப்பிடுறீங்களா மா? டாக்டர் என்ன சொன்னாரு?"

"வேன் வரல லா. வந்தா வாங்குவேன்ல."

"வேன் வரலன்னா போன் பண்ணுங்க, நான் ஆன்லைன்ல போடுறேன்னு சொன்னேன்ல."

"போட்டியே போன தடவ. அந்தப் பையன் சந்தியில நின்னுகிட்டு, மேப்புல எடமே இல்லன்னுட்டுத் திரும்பிப் போய்ட்டான்."

குமார் என்னைப் பார்த்தான். "அண்ணே, நீங்களே சொல்லுங்க. இங்க எப்படி வெச்சிருக்கிறது? இந்த மாசக் கடைசியில கூட்டிட்டுப் போறேன்."

நான் அலமாரியைச் சாத்தினேன்.

"அந்த நாலாவது மாடியில ஒக்காந்து யார் மூஞ்சியப் பாக்குறது?" என்றார் அக்கா. "வேன் வந்தா நான் இங்க இருக்கேன். வரலன்னா நானே பொட்டியக் கட்டிட்டு வாரேன். போதுமா?"

குமார் சரி என்றான். வேன் வராது என்று நினைத்துத்தான் சொன்னான்.

சுங்காய் பாசார்

மறுநாள் விடிந்ததும் சைக்கிளை எடுத்தேன். பெரிய சாலையில் ஒவ்வொரு லாரி போகும்போதும் இறங்கி ஓரமாக நின்றேன். தெரியாத கண் பக்கம்தான் லாரிகள் வந்தன. ஒன்பது கட்டைக்கு எவ்வளவு நேரமானது என்று தெரியவில்லை. பாசார்ச் சந்தையில் கூட்டம் கலையத் தொடங்கியிருந்தது.

காதர் நானாவின் வேன் மீன் கடைகளுக்குப் பின்னால் நின்றது. அவர் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் ஒரு தூண் பக்கத்தில் நின்றேன். என்ன சொல்ல வேண்டும் என்பதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அவர் மூன்று பெட்டி கழுவி முடித்தார். நான்காவதை எடுத்தபோது என்னைப் பார்த்துவிட்டார்.

"அட," என்றார். உடனே கையை வாய்க்குக் கொண்டுபோய், சாப்பிட்டாயா என்று சைகையில் கேட்டார்.

எனக்குப் புரியவில்லை.

அவர் மறுபடியும் சைகை காட்டினார். எழுதிக் காட்டு என்பதுபோல உள்ளங்கையில் விரலால் கீறினார்.

"நானா," என்றேன். "நாங்க அங்கதான் இருக்கோம்."

கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார்.

"நீங்க பேசுவீங்களா?"

"பேசுவேன்."

"இத்தன வருசமா ஊமைன்னுல்ல நெனச்சுக்கிட்டிருக்கேன். எல்லாத்தையும் எழுதி எழுதிப் போடுறீங்க." பக்கத்துக் கோழிக் கடைக்காரரிடம் திரும்பி, "பாத்தியா மச்சான், நம்ம நீலப் பை பேசுது லா," என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது. ஆனால் ஓடவில்லை. ஓடினால் அக்கா நான்காவது மாடிக்குப் போய்விடுவார்.

"ராசம்மா அக்காவும் இருக்காங்க. ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாங்க. அந்த மூணு வாரம் நான்தான் பை கட்டல."

"ஏன் கட்டல?"

"ஒரு பைக்காக நீங்க வரணுமேன்னு."

அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். துண்டால் கையைத் துடைத்தார்.

"நான் மொத வாரமும் சந்தியில நிறுத்திப் பாத்தேன். ரெண்டாவது வாரமும் பாத்தேன். மூணாவது வாரம், சரி, எல்லாரும் போய்ட்டாங்க, நம்மகிட்ட ஒரு வார்த்த சொல்லாமப் போய்ட்டாங்கன்னு நெனச்சேன். ஒரு பை தொங்கியிருந்தா வந்திருப்பேனே."

செவ்வாய்க்கிழமையைச் சிலிம் ரிவர் ஊர்ப் பக்கம் கொடுத்துவிட்டதாகவும், இனி வியாழக்கிழமை வருவதாகவும் சொன்னார். போகும்போது அரைக் கிலோ பாகற்காயை என் நீலப் பையில் போட்டார். "அக்காவுக்கு," என்றார்.

வியாழக்கிழமைகள்

வியாழக்கிழமை ஹார்ன் மூன்று முறை கேட்டது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். "செத்துப் போய்ட்டீங்கன்னு நெனச்சேன் நானா," என்று ஆரம்பித்தார். நான் வழக்கம்போல பம்பு வீட்டுக்குள் போய்விட்டேன். அங்கிருந்து இருவரும் பேசுவது கேட்டது. சிரிப்புக் கேட்டது. என்னைப் பற்றியாக இருக்கும்.

குமார் வந்து பார்த்துவிட்டு, சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். இரண்டு மாதம் ஓடியது. அந்த இரண்டு மாதப் பாகற்காய் எல்லாவற்றையும் தின்றேன்.

ஆனால் கால் கேட்கவில்லை. அந்த ஒரு மாதம் கெட்டது கெட்டதுதான் என்று நினைக்கிறேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. வயது, நோய் என்று பொதுவாகத்தான் சொன்னாராம். பாதத்தையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. அதற்குப் பிறகு லயத்துக்குத் திரும்புவது என்ற பேச்சே இல்லை.

சாமான் எடுக்க குமாரோடு ஒரு நாள் வந்தார். காரிலிருந்து இறங்கவில்லை. என்னைக் கூப்பிட்டுச் சாக்குப் பையைக் கொடுத்தார்.

"இது எனக்கு அங்க எதுக்கு. நீ வெச்சுக்க."

நான் வாங்கிக்கொண்டேன். அப்போதுதான் சொன்னேன். "அக்கா, அந்த மூணு வாரம் நான் பை கட்டல. அதனாலதான் வேன் நின்னுச்சு."

"தெரியும் லா. நானா மொத வியாழக்கிழமையே சொல்லிட்டாரு."

"ஒண்ணும் கேக்கலயே நீங்க."

"கேட்டா மட்டும் பேசிருவியா?" கண்ணாடியை ஏற்றப் போனவர் நிறுத்திக்கொண்டார். "இனிமே ஒனக்கும் சேத்துப் பேச நான் இல்ல, மாணிக்கோ. பாத்துக்க."

கார் செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு போனது. வீட்டுக்குள் வந்தபோது, கழுவி வைத்த அக்காவின் கிண்ணம் என் அடுப்புப் பக்கத்தில் இருந்தது.

அதற்கடுத்த வியாழன்

இரண்டு பையையும் எடுத்துக்கொண்டு சந்திக்குப் போனேன். இரண்டையும் கட்டினேன். எட்டி நின்று பார்த்தேன். எப்போதும் போலத்தான் இருந்தது. ஆனால் சிவப்பு ஓரம் வைத்த பை காற்றில் அசைந்தபோது பொய் சொல்வது போலிருந்தது. அவிழ்த்தேன். நீலப் பை மட்டும் நின்றது. அதையும் அவிழ்த்துக்கொண்டு கம்பத்துக்குப் பக்கத்தில் நானே நின்றேன்.

வேன் வந்து நின்றது. காதர் நானா கண்ணாடியை இறக்கினார்.

"என்ன இங்க நிக்கிறீங்க? பை எங்க?"

"அக்கா போய்ட்டாங்க நானா. நான் மட்டும்தான். நீங்க உள்ள வர வேணாம். இங்கயே வாங்கிக்கிறேன்."

நான் மட்டும்தான் என்பதை அதுவரை ஒருவரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்ன பிறகு அது கொஞ்ச நேரம் சாலையிலேயே நின்றது.

அவர் இறங்கினார். என் சைக்கிளைத் தூக்கி, காய்கறிக் கூடைகளின் மேல் படுக்க வைத்தார்.

"ஏறுங்க. போலாம்."

வேனுக்குள் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. மீன் வாடையும் கொத்தமல்லி வாசமும். சடக்கின் ஒவ்வொரு குழியும் அவருக்குத் தெரிந்திருந்தது. லயத்து முனையில் நிறுத்தி, மூன்று முறை ஹார்ன் அடித்தார்.

"பழக்கம் லா," என்றார்.

இருவரும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்தாவது கதவு சாத்தியிருந்தது. லயம் முழுக்கச் சாத்தியிருந்தது. யாரும் வரவில்லை.

நான் கதவைத் திறந்து இறங்கினேன். பின்பக்கம் சுற்றிப் போய், பெண்கள் நிற்கிற இடத்தில் நின்றேன். அவர் தராசை எடுத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்ன வேணும்?"

காகிதம் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை.

"பாகற்காய் இருக்கா நானா?" என்று, ஐந்து கதவு தள்ளிக் கேட்கிற அளவுக்குச் சத்தமாகக் கேட்டேன்.